இரண்டு கடலுக்கு நடுவே ஒரு நாழிகை

"மணி என்ன?" என்று யாராவது கேட்டால் நாம் யோசிப்பதே இல்லை. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறோம். "அது எந்த ஊர் மணி?" என்று அடுத்த கேள்வி வந்தால்தான் கொஞ்சம் விழிப்போம். "இதென்ன கேள்வி! இந்தியா பூராவுக்கும் ஒரே மணிதானே?" என்பீர்கள். வாஸ்தவம். கடிகாரத்துக்கு ஒரே மணிதான். சூரியனுக்கு அப்படி இல்லை. விடிந்ததும் கோலம் போடுகிறவர்களுக்கும், வெயில் பார்த்து வடாம் காயவைக்கிறவர்களுக்கும், விளக்கேற்றும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடுகிறவர்களுக்கும் அப்படி இல்லை.

வீட்டில் பிள்ளைகளுடைய பூகோளப் படப் புத்தகம் இருக்குமே, அதைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி ஜில்லாவில், கர்நாடக எல்லையை ஒட்டி அஞ்செட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டு வழியாக இறங்கிப் போக வேண்டும். அதையும் தாண்டி நாட்றாம்பாளையம் வழியே போனால் ஒகேனக்கல். சுற்றிலும் மலை, மலை முழுதும் காடு, காட்டில் யானை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கேட்கும். கடல் என்பது அங்கே பேச்சுக்குக்கூட இல்லை.

ஆனால் படத்தில் அஞ்செட்டியின் மேல் விரலை வைத்து, நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் சென்னைக்குக் கொஞ்சம் தெற்கே கடலைத் தொடும். மேற்கே இழுத்தால் மங்களூருக்குக் கொஞ்சம் தெற்கே கடலைத் தொடும். இரு பட்டணங்களும் அஞ்செட்டியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதாவது, இரண்டு கடலுக்கும் நட்டநடுவே உட்கார்ந்திருக்கிற ஊர் அது. இந்த வாரம் நாம் அந்த ஊர் மலைமேல் நின்றுகொண்டு, இடப்பக்கம் ஒரு கடற்கரையையும் வலப்பக்கம் ஒரு கடற்கரையையும் பார்க்கப் போகிறோம்.

சூரியன் நம் அட்சரேகையில் நிமிஷத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே போகிறது. போவது உண்மையில் பூமிதான்; இருந்தாலும் சூரியன் போகிறது என்றே சொல்லிவிடுவோம், நமக்குப் பழக்கமானது அதுதான். சென்னையில் உதயமான சூரியன் சுமார் 10 நிமிஷத்தில் அஞ்செட்டிக்கு வருகிறது. இன்னும் 11, 12 நிமிஷத்தில் மங்களூருக்குப் போய்ச் சேர்கிறது. ஆக மொத்தம் 22 நிமிஷம். நம் பாட்டிமார் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நாழிகைத் தூரம் என்று சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

இந்த ஒரு நாழிகை குடும்பத்தில் என்ன செய்கிறது?

அஞ்செட்டியில் ஒரு தாயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பெண்ணைச் சென்னையிலும், இளையவளை மங்களூரிலும் கொடுத்திருக்கிறாள். பங்குனி மாதம், மாலை 6:30 மணி. மூத்தவளைத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள்.

"ஏம்மா, விளக்கேத்திட்டியா?"

"அப்பவே ஏத்தியாச்சும்மா. இருட்டிப் போச்சே!"

பிறகு இளையவளைக் கூப்பிடுகிறாள். "நீ விளக்கேத்திட்டியாடி?"

"இப்பவேவா? சூரியன் இன்னும் கடலுக்கு மேலே நிக்குதும்மா. பசங்களெல்லாம் மணல்லே விளையாடிக்கிட்டிருக்காங்க."

ஒரே கடிகாரம், ஒரே 6:30. ஒரு வீட்டில் ராத்திரிச் சமையல் ஆரம்பமாகிவிட்டது. இன்னொரு வீட்டில் சாயங்காலமே முடியவில்லை. இரண்டு பெண்களும் சொன்னது நிஜம்.

காலையில் இதே கதை தலைகீழாகும். மார்கழிக் கடைசியிலும் தை முதல் வாரங்களிலும் சென்னையில் சூரியோதயம் 6:35 சுமாருக்கு. காசிமேட்டில் படகு கரை சேர்ந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும். மெரினாவில் நடப்பவர்கள் கடலுக்குள்ளிருந்து சிவப்பாக எழும் சூரியனைப் பார்ப்பார்கள். அதே நாளில் மங்களூரில் உதயம் ஏறக்குறைய 6:57. அங்கே சூரியன் கடலிலிருந்து எழுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து தென்னந்தோப்புகளின் வழியாக வருகிறது. சென்னைக்காரர்களுக்குக் கடல் என்றால் காலை. மங்களூர்க்காரர்களுக்குக் கடல் என்றால் மாலை.

இன்னும் வேடிக்கை, நம் சுவரில் தொங்கும் நாள்காட்டி. திங்கட்கிழமை ராகு காலம் 7:30 முதல் 9 வரை என்று மனப்பாடமாகச் சொல்லுவோம். சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு அஸ்தமிக்கும் என்று வைத்துக்கொண்டு, பகலை எட்டுப் பங்காக்கிப் போட்ட கணக்கு அது. உதயம் தள்ளிப்போனால் ராகுவும் தள்ளித்தானே போக வேண்டும்? மங்களூரில் ஜனவரியில் உண்மைக் கணக்குப்படி அது 8:20 சுமாருக்குத்தான் தொடங்கும். 7:30-க்கு முன்னால் பிள்ளையை வாசல் தாண்ட வைக்க வேண்டுமென்று ஓட்டமாக ஓடும் தாய்மார்கள் இதைக் கவனிக்கலாம்.

மணி மட்டும் அல்ல, மழையும் இரண்டு கடற்கரைகளுக்கும் வேறு வேறு. ஜூன் பிறந்தால் மங்களூரில் வானம் பொத்துக்கொள்ளும். செப்டம்பர் வரை ஓயாது. சென்னையில் அப்போது வெயில் காந்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை குடை பிடிக்கும்போது, மங்களூரில் வெயில் வந்துவிடும். அங்கே பலாச்சுளை அப்பளம் இட்டு மே மாதத்துக்குள் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். தப்பினால் அந்த வருஷம் அப்பளம் இல்லை. மீனுக்கும் அப்படியே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட சட்டம். சென்னைப் பெண் மீன் விலையைச் சொல்லிப் புலம்பி முடிக்கும்போது, மங்களூர்ப் பெண் ஆரம்பிப்பாள்.

அஞ்செட்டியிலோ வீட்டுக்கு வீடு கணக்கு வேறு. தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் யுகாதி முதலில் வரும். தமிழ் வீடுகளில் சித்திரை முதல் தேதிதான் வருஷப் பிறப்பு. மங்களூரில் துளு பேசும் ஜனங்களுக்கும் நம்மைப் போலச் சூரியக் கணக்குதான். அதே சமயத்தில் 'பிசு' கொண்டாடுகிறார்கள். இரு கடற்கரைகளும் ஒரே நாளில் புது வருஷம் கொண்டாட, நடுவில் இருக்கிற ஊரில் மட்டும் இரண்டு புது வருஷம்! குழந்தைகளுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்?

சென்னையும் மங்களூரும் அந்நியமான ஊர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் மங்களூர் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த தென் கன்னட ஜில்லாவின் தலைநகர். அஞ்செட்டி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. நம் ஊர்களில் பழைய வீடுகளைப் பார்த்தால், கூரையில் இருப்பது மங்களூர் ஓடு. 1860-களில் பாசல் மிஷன்காரர்கள் அங்கே தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய பெயர் அது. இன்றைக்கும் சென்னையில் ராத்திரி மங்களூர் மெயிலில் ஏறிப் படுத்தால், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம்.

அப்படியானால் இந்த ஒரே மணி எப்போது வந்தது? அதற்கு நாம் சென்னை நுங்கம்பாக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே கல்லூரிச் சாலையில் வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கட்டிய வானியல் கூடத்தின் நினைவு அது. தமிழ் உட்படப் பல பாஷைகளில் கல்வெட்டு இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலார் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற மணியை நிர்ணயம் செய்தார். அதுதான் 'மதராஸ் டைம்'. இன்றைய மணியைவிட 9 நிமிஷம் பின்தங்கியது. பம்பாய்க்குத் தனி மணி, கல்கத்தாவுக்குத் தனி மணி. ரயில் வந்த பிறகு இது பெரும் குழப்பமாயிற்று. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவாக இருந்ததால், ரயில்களெல்லாம் மதராஸ் மணிப்படி ஓடத் தொடங்கின.

1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய மணி வந்தது. 82½ பாகைத் தீர்க்கரேகை, அதாவது மீர்ஜாப்பூர் வழியாகவும் காக்கிநாடாப் பக்கமாகவும் போகிற கோடு, எல்லோருக்கும் பொதுக் கோடாயிற்று. சென்னைக்காரர்கள் 9 நிமிஷம்தானே என்று கடிகார முள்ளைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். பம்பாயில் அப்படிச் சுலபமாக முடியவில்லை. அங்கே 39 நிமிஷ வித்தியாசம். ஆலை 6 மணிக்குத் திறக்கும் என்றால், தொழிலாளி சூரியன் கணக்குப்படி 39 நிமிஷம் முன்னதாக எழுந்து ஓட வேண்டும். ஜேக்கப் சசூன் ஆலைத் தொழிலாளர்கள் அந்த ஜனவரியிலேயே ஆலையை விட்டு வெளியே வந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பம்பாய் நகரசபை சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருஷங்கள் பழைய மணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏதோ அரை மணிக்கும் சற்று அதிகம், இதற்கா இத்தனை ரகளை?" என்று நினைக்கலாம். அந்தத் தொழிலாளியின் வீட்டில் அவனுக்கு முன்னால் எழுந்து ரொட்டி தட்டியவள் யார் என்று யோசித்தால், ரகளை பெரிதாகத் தோன்றாது.

இப்போது அஞ்செட்டிக்குத் திரும்புவோம். பொதுக் கோட்டிலிருந்து அது 19 நிமிஷம் மேற்கே இருக்கிறது. காலை 6 மணி என்று கடிகாரம் சொல்லும்போது, அந்த ஊர்ச் சூரியனுக்கு மணி 5:41தான். அங்கிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஓசூர் என்றாலே கடிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் பிறந்ததைப் போல, 1980-களில் ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. மோட்டார் தொழிற்சாலைகள் வந்தன. சமீப வருஷங்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைபேசிப் பாகங்கள் செய்கிற பெரிய ஆலை வந்து, ஆயிரக்கணக்கில் இளம்பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது. சந்தோஷமான சங்கதிதான். சொந்தச் சம்பளம் கையில் வாங்கும் பெண்ணின் முகத்தில் ஒரு களை உண்டு.

ஆனால் 6 மணி ஷிப்டுக்கு மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் போக வேண்டும் என்றால், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? 3:30-க்கு. அவளுக்குச் சாதம் கட்டிக் கொடுக்கிற தாயார்? 3 மணிக்கு. பள்ளிக்கூடத்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க ஜனவரியில் 6:15-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் வழியெல்லாம் இருட்டு. 19 நிமிஷம் கழித்துக் கிளம்பினால் பாதை கண்ணுக்குத் தெரியும். நடுவில் யானை நின்றால் அதுவும் தெரியும். 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட காடுகளின் பக்கத்து ஊர்கள் இவை. 19 நிமிஷம் பெரிதா சிறிதா என்று கேட்க வேண்டிய இடம் அந்த ஒற்றையடிப் பாதைதான்.

மாலையில் சூரியன் தாமதமாக அஸ்தமிப்பதற்கும் ஒரு விலை உண்டு. மௌலிக் ஜக்னானி என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் நம் தேசத்துப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தார். சூரியன் ஒரு மணி நேரம் பிந்தி மறைகிற இடங்களில் குழந்தைகள் சுமார் அரை மணி நேரம் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று கண்டார். காரணம் ரொம்பச் சாதாரணம். வெளிச்சம் இருக்கிறவரை பிள்ளை படுக்காது. காலையில் பள்ளி மணியோ எல்லோருக்கும் ஒன்றேதான். படுப்பது சூரியன் கையில். எழுந்திருப்பது கடிகாரத்தின் கையில். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் நசுங்குகிறது. பணமுள்ள வீட்டுப் பிள்ளையைவிட ஏழை வீட்டுப் பிள்ளைக்கே நஷ்டம் அதிகம் என்றும் அவர் சொல்கிறார்.

வெளிதேசத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. பினாங்கில் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தக் கடற்கரைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் சூரியன் கணக்கில் 80 நிமிஷம்தான் வித்தியாசம். கடிகாரக் கணக்கிலோ இரண்டரை மணி நேரம். சபா, சரவாக்கோடு ஒரே மணியாக இருக்க வேண்டும் என்று 1982 பிறந்தபோது மலேசியாவின் மேற்குப் பகுதி தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. பலன் என்னவென்றால், பினாங்கில் ஜனவரியில் சூரியன் உதிக்கவே 7:30 ஆகிவிடும்; பள்ளிப் பிள்ளைகள் இருட்டில்தான் கிளம்புகிறார்கள். இலங்கையிலும் 1996-இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளினார்கள். சில மாதத்தில் அரை மணி குறைத்தார்கள். 2006-இல் பழையபடி நம் மணிக்கே திரும்பினார்கள்.

நம் தேசத்திலும் கிழக்கு மூலையில் இருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே ஒரு மணி நேரம் முந்திய 'தோட்ட மணி' உண்டு. தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் 2018-இல் இந்தியாவுக்கு இரண்டு மணி வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. ரயில் தடம் மாறும் இடத்தில் மணி மாறினால் விபத்து வருமே என்கிற பயம் நியாயமானதுதான்.

அஞ்செட்டிக்கு ஒரு மணி, மங்களூருக்கு ஒரு மணி என்று கேட்பது அசட்டுத்தனம். முள்ளை மாற்ற வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கதவைத் திறக்கும் நேரத்தை மாற்றலாம் அல்லவா? கோடையில் ஒரு நேரம், மார்கழி தையில் ஒரு நேரம் என்று மலைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு மட்டும் 20 நிமிஷம் தள்ளி வைத்தால் யாருக்கு என்ன குடி முழுகிவிடும்? முதல் பஸ்ஸும் அதற்கேற்ப வர வேண்டும். பஸ் வராமல் மணியை மட்டும் மாற்றினால் பிள்ளை நடுரோட்டில் நிற்கும். ஆலைகளும் தொலைவிலிருந்து வருகிற பெண்களுக்கு 6 மணி ஷிப்டுக்குப் பதிலாகப் பகல் ஷிப்டு கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம்.

சர்க்காரும் ஆலையும் செய்ய வேண்டியது அது. வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2019-இல் மத்திய சர்க்கார் தேசம் முழுவதும் ஜனங்கள் பொழுதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளைக்கு 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால்! பாக்கிப் பேர் கணக்கிலேயே வரவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 202 நிமிஷம், அதாவது எட்டு நாழிகைக்கு மேல். சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே சூரியன் எடுத்துக்கொள்வது ஒரு நாழிகைகூட இல்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே கடிகாரத்தின் கீழ் வாழ்கிற இருவருக்கு நடுவே எட்டு நாழிகை!

ஆடி மாதம் புது மணப்பெண்கள் பிறந்தகம் போவது நம் வழக்கம். துளு நாட்டிலும் அதே மாதத்துக்கு 'ஆட்டி' என்று பேர். அங்கேயும் புதுப் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். நம் அஞ்செட்டித் தாயாரின் இரண்டு பெண்களும் ஆடிக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பெண்ணுக்குப் பழக்கதோஷத்தில் முன்னாலேயே விழிப்புத் தட்டும். மங்களூர்ப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் புரண்டு படுப்பாள். "தூங்கட்டும், அங்கே போனால் ஏது தூக்கம்?" என்று தாயார் போர்வையை இழுத்துவிட்டு, தான் மட்டும் வழக்கம்போல் 4:30-க்கு எழுந்து அடுப்பங்கரைக்குப் போவாள்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளைகளும் மாமனாரும் எங்கே என்று கேட்கிறீர்களா? இந்தப் பக்கத்தை மடித்து, காலைக் காப்பியோடு அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். நாளைக்குக் காப்பியை அவர்களே கலந்தால், எட்டு நாழிகையில் கால் நாழிகையாவது குறைந்த கணக்கு.